ஒன்பது மணித் தட்டு

— கப்பல்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி ஆறு மணிக்கு, ரெண்டாவது பந்தி எட்டே முக்காலுக்கு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுடான்னா, கப்பல் எப்படி மிதக்குதுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கிறியே.

— மிதக்கிறதைப் பத்தி நான் வாயே திறக்கலைக்கா. ஏன் ரெண்டு பந்தி வெச்சிருக்காங்கன்னுதான் சொல்ல வந்தேன். அது தெரியாம எப்படி ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது?

— எனக்குத் தெரியவே வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா அவங்களே ஒரு நேரத்தைப் போட்டுடுவாங்களாம். டிக்கெட் போட்டுக் கொடுத்த பொண்ணு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா. நான் இங்க கடையில ஒரு கோட்டுக்குக் கை வெட்டிக்கிட்டிருக்கேன். அரை விரல் தப்பினா துணி போச்சு.

— ஸ்பீக்கர்ல போட்டுட்டு வெட்டு. நான் பேசுறேன், நீ வெட்டு. அந்தச் சாப்பாட்டுக் கூடத்துல கப்பல்ல வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் நாற்காலி. எல்லாருக்கும் போட்டா, மத்த நேரமெல்லாம் அவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கும். கப்பல்ல எதையும் சும்மா கிடக்க விடமாட்டாங்க. அதனால பாதி ஜனம் சாப்பிடும்போது மீதி ஜனம் பாட்டுக் கச்சேரி கேட்டுக்கிட்டிருக்கும். அப்புறம் அப்படியே இடம் மாறிக்கும். நடுவுல கிடைக்கிற கொஞ்ச நேரத்துல மேஜைத் துணி, தட்டு, கரண்டி, தண்ணி டம்ளர் எல்லாம் மாத்தி, யாருமே உக்காராத மேஜை மாதிரி ஆக்கிடுவாங்க. எவ்வளவு அழகு பாத்தியா?

— பஸ் டெப்போவுல உக்காந்து நேரம் போட்டுப் போட்டு உனக்கு உலகமே டைம்டேபிளாத் தெரியுது.

— டெப்போவிலயும் இதேதான். ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர். முதல் ஷிப்ட்காரர் இறங்கும்போது சீட்டு சூடா இருக்கும். ரெண்டாமவர் அந்தச் சூட்டுலயே ஏறி உக்காருவார்.

— சூடான சீட்டைப் பத்தி எனக்குச் சொல்றியா? நம்ம வீட்டு மெத்தை ஆறி நான் பாத்ததே இல்லை.

— ஆமால்ல. ராத்திரி அம்மா, பகல்ல அப்பா.

— ஒரே தலையணை. அதுக்கு உறை மட்டும் ரெண்டு. அப்பா காலையில பம்ப் ஹவுஸ்லேருந்து வந்ததும் அம்மாவோட உறையை உருவிட்டு அவர் உறையைப் போட்டுக்குவார். அவர் தலையில இயந்திர எண்ணெய் வாடை வரும்னு அவருக்கே கூச்சம்.

— அந்த மடக்கு மேஜை ஞாபகம் இருக்கா? சுவத்துல ரெண்டு கீல் அடிச்சு, கீழே ஒரே ஒரு கால். தூக்கி மாட்டினா சுவர், இறக்கினா மேஜை.

— அந்தக் கால் என் முட்டியில இடிக்காத நாள் கிடையாது.

— அந்தக் கால் ஏன் ஓரத்துல இல்லாம உள்ளே தள்ளி இருந்ததுன்னு தெரியுமா? ஓரத்துல வெச்சா கதவு முழுசாத் திறக்காது. அப்பா அளந்து பாத்து...

— டேய் டபுள். ஆறு மணியா, எட்டே முக்காலா?

— எட்டே முக்கால்.

— நான் ஆறுன்னு சொல்றேன்.

— தெரியும். அதனாலதான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

— சும்மா சொல்லலைடா. பிள்ளைங்க எட்டரைக்கே தூங்கி விழும். உன் மாமாவுக்கு லேட்டாச் சாப்பிட்டா நெஞ்சு எரியும்.

— மாமாவுக்கு எப்பச் சாப்பிட்டாலும் நெஞ்சு எரியும்க்கா. இது அம்மாவோட எழுபதாவது பிறந்த நாளுக்காகப் போற பயணம். அம்மா என்னிக்கு ஆறு மணிக்குச் சாப்பிட்டிருக்காங்க? ஒன்பது மணிதான் அவங்க நேரம். பிஸ்கட் பாக்டரி ரெண்டாம் ஷிப்ட் முடிஞ்சு, பஸ் பிடிச்சு, மாடி ஏறி, கை கழுவி உக்காரும்போது ஒன்பது. அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் அதே ஒன்பதுதான். எழுபது வயசுல நம்ம வசதிக்காக மாத்தணுமா?

— அதுக்குத்தாண்டா மாத்தணும்னு சொல்றேன்.

— எதுக்கு?

— விடு.

— சொல்லுக்கா. கத்தரிக்கோல் சத்தம் நின்னுடுச்சு, கேக்குது.

— நம்ம வீட்டுல ஆறு மணிப் பந்தி அப்பாவோடது. அவர் எழுந்து, சமைச்சு, மேஜையை இறக்கி, நமக்குப் போட்டு, தானும் சாப்பிட்டு, ஏழு மணிக்குச் சைக்கிளை எடுப்பார். ஒன்பது மணிப் பந்தி அம்மாவோடது. எனக்கு ஸ்கூல்லேருந்து வந்ததும் பசி உயிர் போகும். அப்பாவோட சாப்பிட்டுட்டுப் படிக்க உக்காந்தா எட்டரைக்கெல்லாம் புஸ்தகத்து மேலயே விழுந்துடுவேன். நீ முழிச்சிருப்பே. ஒன்பது மணிக்கு அம்மா உனக்குக் கிடைச்சாங்க. எனக்குக் காலையில ஸ்கூலுக்குப் போற அவசரத்துல, பின்னல் போடுற கை மட்டும்தான் கிடைச்சுது. முகத்தைக்கூடத் திரும்பிப் பாக்க முடியாது, பின்னல் கோணிடும்.

— இதை நீ சொன்னதே இல்லையேக்கா.

— சொல்ற மாதிரி ஒரு விஷயமா இது? ஆறு மணி வெளிச்சத்துல, அப்பா நேரத்துல, அம்மா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டு நான் பாக்கணும். ஏழு நாள். அவ்வளவுதான்.

— ஒண்ணு சொல்றேன், கேப்பியா? அம்மா உள்ளே வந்ததும் முதல்ல என்கிட்ட வரமாட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு நேரா உன்கிட்டதான் வருவாங்க. உன் கன்னத்துக்கு அடியிலேருந்து புஸ்தகத்தை மெதுவா உருவுவாங்க. நீ எந்தப் பக்கம் படிச்சுக்கிட்டிருந்தியோ, அங்க உன் ரிப்பனை வெச்சு மூடுவாங்க.

— ரிப்பனை நானே வெச்சேன்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தேன்.

— தூங்குறவ எப்படிக்கா வைப்பே? அப்புறம்தான் குழாயைத் திறப்பாங்க. தண்ணி வந்ததும், ‘உங்கப்பா அனுப்பிட்டார்’னு சொல்லிக் கை கழுவுவாங்க. ஊருக்கே தண்ணி ஏத்துறவர் நமக்குன்னு தனியா அனுப்பின மாதிரி.

— கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ எதுக்காக முழிச்சிருந்தேன்னு எனக்குத் தெரியாதா? ஆறு மணிக்கு ஒரு தடவை, ஒன்பது மணிக்கு ஒரு தடவை. ரெண்டு வேளை சாப்பாடு அடிக்கிறவனுக்குத் தூக்கம் எப்படி வரும்? டபுள்னு பேர் வெச்சவளே நான்தான்.

— பேர் வெச்சே. ஏன்னு கேக்கலை.

— கேக்கிறதுக்கு என்ன இருக்கு? கால்சட்டை பொத்தான் நிக்காம நான்தானே மாத்தி மாத்தித் தைச்சேன். அப்பதான் ஊசியே பிடிச்சேன். இந்தக் கடைக்கே நீதான் அஸ்திவாரம்.

— எனக்கு ஒன்பது மணிக்குப் பசிக்காதுக்கா. ஒரு நாளும் பசிச்சதில்லை.

— கதை விடாதே.

— உண்மையாத்தான். அப்பா போறதுக்கு முன்னால ஒண்ணு செய்வார், ஞாபகம் இருக்கா? மேஜையைத் துடைச்சு, அம்மா தட்டைக் கவுத்து வெச்சு, அதுக்கு மேல டம்ளரையும் கவுத்து வெச்சுட்டுப் போவார். காலி மேஜையில ஒரே ஒரு தட்டு. அதைப் பாத்துக்கிட்டே ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பேன். நாள் பூரா நின்னு பிஸ்கட் அடுக்கிட்டு வர்றவங்க, இந்த ஒத்தைத் தட்டு முன்னால வந்து உக்காரணுமான்னு இருக்கும். ஒரு நாள் என் தட்டையும் கழுவி எடுத்துப் பக்கத்துல கவுத்து வெச்சேன்.

— சாப்பிட்டுட்டியான்னு அம்மா கேக்க மாட்டாங்களா?

— கேப்பாங்க. ‘இல்லம்மா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்’னு சொல்வேன். அம்மாவும் கொஞ்சமாத்தான் போட்டுக்குவாங்க. களைப்புல சோறு இறங்கலை போலிருக்குன்னு, நான் மெதுவா, ரொம்ப மெதுவாச் சாப்பிடுவேன். நான் எழுந்திரிக்கிற வரைக்கும் அவங்களும் எழுந்திரிக்க மாட்டாங்க. அப்படியாவது நாலு வாய் கூடப் போகும்ல.

— அடப்பாவி. வயிறு வெடிக்கலையா?

— பொத்தான்தான் தெறிச்சுது. அதை நீ தைச்சுட்டே.

— இவ்வளவு நாள் இதை மனசுல வெச்சுக்கிட்டா என்னோட கிண்டலை எல்லாம் கேட்டுக்கிட்டிருந்தே?

— இப்பவும் அதே கதைதான், சிரிக்காதே. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா அந்த வீட்டுல தனியாத்தானே இருக்காங்க. நான் ஏழரைக்கே பிள்ளைங்களோட சாப்பிட்டுடுவேன். ஒன்பது மணிக்கு ஒரு கிண்ணத்துல கொஞ்சம் போட்டுக்கிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன். ‘ரெண்டாம் ஷிப்ட் ஆரம்பிச்சாச்சு’ன்னு என் பொண்டாட்டி சிரிப்பா. அம்மா அந்தப் பக்கம் தட்டோட உக்காருவாங்க, நான் இந்தப் பக்கம் கிண்ணத்தோட. அதான் சொல்றேன், எட்டே முக்காலையே போடு. அவங்க நேரத்துல அவங்க மேஜை நிறைய ஆள் இருக்கணும். போன்ல இல்ல, நேர்ல.

— நீ இப்படிப் பேசினா நான் எப்படிடா ஆறு மணின்னு சொல்றது?

— அம்மாகிட்டயே கேட்டுடலாம். லைன்ல சேர்க்கிறேன். ஆனா ரெண்டு தடவை சாப்பிட்ட விஷயத்தை மட்டும் சொல்லிடாதே. மனசு கஷ்டப்படும்.

— சொல்லலை. சேத்து விடு.

— அம்மா? கேக்குதா? அக்காவும் லைன்ல இருக்கா.

— கேக்குது, கேக்குது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா பயந்துல்ல போறேன். யாருக்கு என்ன?

— யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. பெட்டி கட்டிட்டியா?

— கட்டி, பிரிச்சு, மறுபடி கட்டியாச்சு கண்ணு. தலை சுத்தினா மோந்து பாக்க எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன். கப்பல்ல எலுமிச்சம்பழம் இருக்காதான்னு உன் தம்பி கேப்பான், கேக்கட்டும்.

— இருக்கும்மா. அந்தக் கிடங்கு எவ்வளவு பெரிசுன்னு தெரியுமா, கிளம்புறதுக்கு முன்னால ஏழு நாளைக்கும் கணக்குப் போட்டு...

— டேய், அதை அப்புறம் விளக்கு. அம்மா, கப்பல்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பந்தி. ஒண்ணு ஆறு மணி, இன்னொண்ணு எட்டே முக்கால். ஒண்ணைப் பிடிச்சா ஏழு நாளும் அதேதான், மாத்த முடியாது. உனக்கு எது வேணும்?

— ஆறு மணி.

— அக்கா, நீ முன்னாடியே சொல்லிக் கொடுத்துட்டியா?

— சத்தியமா இல்லைடா.

— அம்மா, எங்களுக்காக யோசிக்காதே. பிள்ளைங்க தூங்கினா தூக்கிட்டுப் போய்க்கிறோம். மாமாவுக்கு மாத்திரை இருக்கு. உனக்குத்தான் ஒன்பது மணிக்கு முன்னால பசிக்காதே.

— யாருடா சொன்னா?

— யார் சொல்லணும்? சின்ன வயசுலேருந்து பாக்கிறேனே.

— நீ பாத்தே. அது கெடக்கட்டும் விடு, இப்ப எதுக்கு அதெல்லாம். ஆறு மணியையே எழுதிடு.

— அம்மா, இதுல என்னமோ இருக்கு. சொல்லு. நான் கத்தரிக்கோலைக் கீழே வெச்சுட்டேன்.

— ஒண்ணுமில்லடி. பாக்டரியில ரெண்டாம் ஷிப்ட்காரங்களுக்கு ஏழு மணிக்கு மணி அடிப்பாங்க. கேன்டீன்ல சாப்பாடு. நல்லாவே போடுவாங்க, சூடா, வயிறு நிறைய. வேலைக்குச் சேர்ந்த அன்னிலேருந்தே நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.

— தினமுமா?

— தினமும்தான். எனக்குத் தட்டு வைக்க வேண்டாம்னு உங்கப்பாகிட்டச் சொல்லணும்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். எங்க சொல்ல? அவர் வரும்போது நான் உனக்குப் பின்னல் போட்டுக்கிட்டிருப்பேன், நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கிட்டிருப்பார். எழுப்பிச் சொல்ற விஷயமான்னு விட்டேன். அதுக்குள்ள ஒரு நாள் கதவைத் திறந்தா, மேஜையில என் தட்டுக்குப் பக்கத்துல இன்னொரு தட்டு. இவன் உக்காந்திருக்கான். கேட்டா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேங்கிறான். வளர்ற பிள்ளை, அதுவரைக்கும் பட்டினி. நான் சாப்பிட்டுட்டேன்னு சொன்னா அப்புறம் அது தனியால்ல உக்காந்து சாப்பிடணும்? அதான் நானும் கொஞ்சம் போட்டுக்கிட்டேன். இவனோ ஆமை மாதிரி சாப்பிடுவான். இவன் முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கேன்டீன் சாப்பாடு நெஞ்சு வரைக்கும் வந்துடும். லைன்ல இருக்கியாடா?

— இருக்கேம்மா.

— அவன் இருக்கான்மா. கண்ணைத் துடைச்சுக்கிட்டிருப்பான். நீ சொல்லு, இப்போ எத்தனை மணிக்குச் சாப்பிடுறே?

— இப்பவும் ஏழு மணிக்கே பசிச்சுடும்டி, வயிறு அந்த மணியை மறக்கலை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டு, ஒன்பது மணிக்குப் போன் வந்ததும் அதையே திரும்ப எடுத்து முன்னால வெச்சுக்குவேன். பாவம், பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம் இவன் மட்டும் தனியா ஒரு கிண்ணத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்ல.