நைட்டி போட்ட பொம்மை

எங்கள் லைன் வீடுகளுக்கு நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது, எனக்குத் தெரியும். அதனால்தான் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் வந்ததும் கதவைத் திறந்து குடத்தையும் டிரம்மையும் நிரப்பி வைப்பேன். டிரம் நிரம்புகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியுமா தம்பி? நாலு பக்கமும் பார்ப்பேன். அதற்குப் பெயர் வேவு அல்ல.

நீங்கள் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது அபிராமியைத் தேடி. தனி ஆளாக உட்கார்ந்து பொம்மைப்படம் எடுக்கிறவர்களைக் கண்டுபிடித்து, என்ன கருவி வைத்து எடுத்தார்கள் என்று எழுதுவது உங்கள் வேலை என்றீர்கள். அடுத்தவர் அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சம்பளமும் தருகிறார்கள் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அபிராமி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் துணி வெட்டுவதற்குக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற வேலை. அங்கே வெட்டிக் கழித்த துணியைப் பையில் அள்ளி வருவாள். உள்ளே செம்புக் கம்பி, மேலே அந்தத் துணி, பொம்மை தயார். கீறல் விழுந்த பழைய போன் ஒன்றை மேசைக்கு எதிரே ஸ்டாண்டில் இறுக்கி வைத்திருந்தாள். பொம்மையை ஒரு நெல்மணி அளவு நகர்த்துவாள், போட்டோ எடுப்பாள். மறுபடி நகர்த்துவாள், மறுபடி எடுப்பாள். இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஆப்பில், முன்பு எடுத்த படம் ஆவி மாதிரி மங்கலாக மேலே தெரியும். பொம்மை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்கு. முட்டுக் கொடுத்த கம்பி படத்தில் விழுந்தால் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவாள். அந்த மென்பொருளும் இலவசம்தான். லீவு நாள் முழுக்க உட்கார்ந்தால் பொம்மை ஒரு தடவை தலையைத் திருப்பும். மிச்சத்தை மறுநாளுக்கு அப்படியே நிறுத்திவைத்துவிட்டு வேலைக்குப் போவாள். எல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுகிற பெண்.

அவளுடைய முதல் படத்தைப் போனில் எனக்குக் காட்டியது எதிர்வீட்டு ஷாஹிதா. காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கிறவர் மனைவி. படத்தில் ஒரு பொம்மை. மெரூன் நைட்டி, அதன்மேல் துண்டு. பனியன் கழுத்துக்கு வைத்துத் தைக்கிற ரிப் துணி இழுத்தால் நீளும் அல்லவா, அதில்தான் அந்தப் பொம்மைக்குக் கழுத்து. அது நீண்டு நீண்டு ஒவ்வொரு ஜன்னலாக நுழைகிறது. குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறது. கட்டிலுக்கு அடியில் புகுகிறது. கடைசியில் வந்த வழி மறந்து கரண்ட் கம்பத்தில் முடிச்சாக மாட்டிக்கொள்கிறது.

"அக்கா, இது நீங்களேதானுங்க. அந்தத் துண்டப் பாருங்க, சோப்புக் கறை கூட வெச்சிருக்கறா" என்று ஷாஹிதா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கெங்கோ இருக்கிற நாட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்துப் பாராட்டியிருந்தார்கள். நான் கோபப்படவில்லை. நானும் சிரித்தேன். நம்ம லைன் வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு திறமை என்று நாலு வீட்டில் சொல்லவும் செய்தேன். மெரூன் நைட்டியை மட்டும் பிறகு போடவில்லை.

அதற்கப்புறம் ஒரு வெளிநாட்டு விழாவிலிருந்து அடுத்த படத்தைக் கேட்டு எழுதினார்கள். "இது தை மாசத்துக்குள்ள முடிஞ்சிருச்சுன்னா இங்கிட்டே இருந்துக்கிருவேன்க்கா. இல்லைன்னா ஊருக்குப் போயி கழுத்த நீட்டணும். எங்கம்மாட்ட அப்படித்தேன் பேச்சு" என்றாள் அபிராமி. இந்தப் படத்திலும் அதே பொம்மைதான் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒருநாள் அவள் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது பொம்மை மேசைமேல் பாதிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. தோளில் துண்டு நழுவியிருந்தது. உலகம் பார்க்கிற படம். இழுத்துவிட்டேன். அவ்வளவுதான். அடுத்த முறை முகவாயைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டேன். பார்க்க அடக்கமாக இருந்தது. அப்புறம் கையை. அப்புறம் தண்ணீர் வராத நாட்களிலும், வந்துவிட்டதோ என்று பார்க்கப் போனேன்.

சாயங்காலம் அபிராமி என் வாசலில் வந்து நிற்பாள். "அக்கா, அது இந்தப் பக்கம் பாத்துல்ல நின்னுச்சு. இப்ப அங்கிட்டுத் திரும்பி நிக்குது. நான் தொடவே இல்லைக்கா."

"ஏங்கண்ணு, ஒழுங்காத் தூங்கறயா? கண்ணெல்லாம் உள்ள போயிருச்சே" என்பேன். பொய் இல்லை. உள்ளேதான் போயிருந்தது.

பின்னால் இருக்கிற நிட்டிங் மெஷின்களின் அதிர்வு என்று நினைத்து மேசைக்கால்களுக்கு அடியில் துணி வைத்தாள். எலி என்று நினைத்துப் பொறி வைத்தாள். அந்தப் பழைய போனில் வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் போயிருந்தால் ஆளே அகப்பட்டிருக்கும். அக்காவைச் சந்தேகப்படத் தோன்றாத பெண். அவ்வளவு நல்ல வளர்ப்பு. அந்த வளர்ப்பை நானும் மதித்தேன். நானே போய், "உன்ற சாவிய நீயே வெச்சுக்க கண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா எனக்கெதுக்குப் பொல்லாப்பு" என்று அவள் கையில் கொடுத்தேன்.

"உங்களப் போயி அப்படி நெனைப்பேனாக்கா" என்று அழுதுவிட்டாள்.

நகல் சாவி முன்பே போட்டு வைத்திருந்தேன். அவள் தொலைத்துவிட்டால் அவளுக்குத்தானே சிரமம்.

சாவி அவளிடமே இருந்தும் பொம்மை நகர்ந்தபோதுதான் அவளுக்குச் சந்தேகப்பட மிச்சம் இருந்தது ஒரே ஆள் என்று ஆயிற்று: அவள். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எடுத்ததைச் சரியாக எடுத்தோமா என்று பத்துத் தடவை பார்ப்பாள். வேலைக்குப் போவதும் நின்றது.

அந்த நாட்களில் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில்தான், இந்தப் படத்துக்காக அவள் வரைந்து சுவரில் ஒட்டியிருந்த கதைப் படங்களை நிதானமாகப் பார்த்தேன். தனியாக இருக்கிற ஒரு பெண் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறாள். யாருக்கும் தெரியாது. நைட்டி பொம்மையின் கழுத்து மட்டும் ஜன்னல் வழியாக நீண்டு வந்து பார்த்துவிடுகிறது. அந்தக் கழுத்தையே தூளியாக்கி அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறது. போன வருடம் இவளை டெங்குவில் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனது நான்தான். அதை மறக்காமல் வைத்திருக்கிறாள். நல்ல கதை. ஆனால் அதிலும் அதே மெரூன் நைட்டி. அன்றைக்குக் கழுத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

அக்கம்பக்கத்தில் நான் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. "பாவம், தனியாப் பேசிக்குது. தானே செஞ்சுபோட்டுத் தானே மறந்துருது" என்று மட்டும் சொன்னேன். அவள் அம்மா ஒச்சாயிக்குப் போன் போட்டதும் நான்தான். அந்தம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவ நான் பாக்கல, நீ பாத்த தாயி. நீ நல்லா இருக்கணும்" என்றது. எனக்கும் கண் கலங்கியது.

இப்போது ஊரில் மாத்திரை சாப்பிடுகிறாள். டம்ளரைக் கீழே வைத்தால்கூட, "நான்தானம்மா வெச்சேன்?" என்று கேட்டுக்கொண்டுதான் நகர்கிறாளாம். வைகாசியில் கல்யாணம். அவளைப் போய்ப் பார்க்க வேண்டாம் தம்பி, தொந்தரவு.

போகும்போது அந்த அரைகுறைப் படத்தை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அதில் பொம்மை திடீர் திடீரென்று தலை திருப்புவதையும், துண்டைத் தானே இழுத்துக்கொள்வதையும் பார்த்தால் உயிர் வந்து திமிறுகிற மாதிரி இருக்கிறது, இப்படி ஒரு உத்தியை எங்கேயும் பார்த்ததில்லை என்றீர்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மற்றபடி சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை நான். அந்த இடங்கள் ஒன்றுகூட அவள் செய்ததில்லை. எல்லாம் என் கை.

எழுதும்போது என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மயிலாத்தாள். பக்கத்து வீட்டுக்காரி என்று மட்டும் போட வேண்டாம். படிக்கிறவர்கள் யாரோ எட்டிப் பார்க்கிற பொம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள்.