நாலாவது பல்லு

மார்க்கண்டு: ...ஏமாத்திப்போட்டாங்கள், சிமியோன் அண்ணை! கைத்துறப்பணமாம்! சைக்கிள் கரியரிலை ஒரு ஓட்டை போட ஏலேல்லை. அலகு கிடந்து ஆடுது.

சிமியோன்: கத்தாதை. சந்தையிலை வாங்கினது எண்டெல்லே சொன்னனீ?

மார்க்கண்டு: ஓம்... சந்தையிலைதான். கெதியாப் பாருங்கோ, நாளைக்கு நீர்வேலியிலை வாழைக்குலை ஏத்தவேணும்.

சிமியோன்: பொறு, அலகைப் பிடிக்கிற சக்கைக் கழட்டுவம்... அட பாவி! மூண்டு பல்லு இருக்கவேண்டிய இடத்திலை ரெண்டுதானே கிடக்கு!

மார்க்கண்டு: ரெண்டு பிடிச்சால் காணாதோ?

சிமியோன்: விசர்க்கதை கதையாதை. இந்தக் கோதுக்குள்ளை விரலை விட்டுப் பார். வாய்ப்பக்கம் ஒடுங்கி வருதெல்லே? கோதை முறுக்க, மூண்டு பல்லும் அந்த ஒடுக்கத்துக்கை தள்ளுப்பட்டு, ஒரே அளவிலை கிட்டக் கிட்ட வந்து, அலகை நட்டநடுவிலை நெரிக்கும்.

மார்க்கண்டு: இந்தச் சின்னச் சுருள் கம்பி?

சிமியோன்: இளக்கேக்கை பல்லை விலத்திவிட. ஒரு பல்லு இல்லாட்டி அலகு அந்த வெறும் பக்கம் சாயும்... ஆடாமல் என்ன செய்யும்? ...டேய். இஞ்சை பார்.

மார்க்கண்டு: என்ன?

சிமியோன்: இது கடைச்சாமான் இல்லை. அரத்தாலை ராவின பல்லு. அலியாரின்ரை கை!

மார்க்கண்டு: எந்த... எந்த அலியார்?

சிமியோன்: எந்த அலியாரோ? உன்ரை கிணத்து வாளிக்கு இருவது வருசமா ஒட்டுப்போட்ட அலியார்! போன ஐப்பசியிலை, முஸ்லிம் சோனகர் எண்டு இயக்கப் பெடியள் ரெண்டு மணித்தியாலத்திலை, உடுத்த உடுப்போடை கலைச்சுவிட்ட அலியார்! சந்தையோ? சொல்லடா!

மார்க்கண்டு: சத்தம் போடாதையுங்கோ, றோட்டிலை ஆக்கள்... நான்தான் எடுத்தனான். வீடு ஆவெண்டு கிடந்தது. எல்லாரும் அள்ளினவை. நான் இது ஒண்டைத்தான்...

சிமியோன்: தூ! வெக்கமில்லை? அந்த மனுசன் புத்தளத்திலை ஓலைக்கொட்டிலுக்கை இருந்து கடிதம் போட்டிருக்கு. 'தம்பி சிமியோன், வீடு போனால் போகட்டும், என்ரை துறப்பணத்தை எங்கையும் கண்டால் எடுத்து வை. அதிருந்தால் பிள்ளையளுக்குச் சோறு போடுவன்' எண்டு. நீ என்னடாவெண்டால்...

மார்க்கண்டு: சரி அண்ணை, குடுத்துவிடுவம். நான் இனித் தொடேன்.

சிமியோன்: குடுக்கத்தான் போறன்! உந்தக் கோலத்திலையோ குடுக்கிறது? எடு அந்தத் தகர ரின்னை... உது இல்லை, சிவப்பு... இந்தா, மூண்டாவது பல்லு. பார், எப்பிடிப் பொருந்துது! முறுக்கு. இப்ப ஆடுதோ?

மார்க்கண்டு: ஒரு நூலும் ஆடேல்லை... அண்ணை, இந்தப் பல்லு?

சிமியோன்: அலியார் எப்பவும் நாலாவதா ஒண்டு கூடுதலா ராவி வைப்பார்.

மார்க்கண்டு: எங்கை வைப்பார்?

சிமியோன்: ...மேசை லாச்சிக்கை.

மார்க்கண்டு: ஆரின்ரை லாச்சிக்கை?

சிமியோன்: உதை விடு. துறப்பணத்தை இஞ்சை தா.

மார்க்கண்டு: நான் போகேக்கை அவரின்ரை லாச்சி வெறுமனாய்க் கிடந்தது, அண்ணை. பின்கதவுப் பூட்டையும் ஆரோ உடைச்சிருந்தவை.

சிமியோன்: ஓம்... அதை உடைச்சது நான்தான். அவர் போன அண்டைக்கே.