கரிங்காவிலம்மாவை உடைக்காமல் போன மாஷ்

வாசகசாலைத் தலைவர் அவர்களே, மாஷின் துணைவியார் சுலோசனா டீச்சர் அவர்களே, மாஷின் படத்துக்காக வேஷம் கட்டி, மரவள்ளிக் கப்பையும் மத்திக்கறியும் தின்று, வெயிலில் காய்ந்த என் ஊர்க்காரர்களே!

நம் பள்ளிக்கூட வாத்தியார், இயக்குநர் வித்யாதரன் மாஷ் இனி இல்லை என்கிறார்கள். நான் அவருடைய கேமராக்காரன், நம்ப முடியவில்லை. காலையில் கேமராவைத் துடைக்கும்போது, "மெதுவாத் தொடைடா, அது ஒண்ணும் உன் மூஞ்சி இல்ல" என்று பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பயத்தைத் தின்று வளரும் ஒரு பொய்த் தெய்வத்தைப் பற்றிப் படமெடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதுவும் வெறுங்கையோடு! படத்தில் வரும் யட்சிக்குத் தேங்காய் நாரில் கூந்தல் செய்தவர் யார்? கிணற்றுக் கப்பியில் கயிறு கட்டி அவளைப் பறக்க விட்டவர் யார்? நம் வித்யாதரன் மாஷ்!

தெர்மோகோலும் சாயமும் கொண்டு பாலை மரத்தடியில் அந்தப் பொய்த் தெய்வம் கரிங்காவிலம்மாவைச் செய்து வைத்தவரும் அவர்தான். கடைசிக் காட்சியில் அவளை உடைக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று ஊர் பார்க்க வேண்டும். அதற்காகவே எழுதிய படம் அது. உடைக்கப் போன அன்று அவள் முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. இதோ, முன்வரிசையில் இருக்கும் கார்த்தியாயனி சேச்சி ஏற்றியது. சேச்சியின் மகன் சுஜேஷ் போன தோணி கடலிலிருந்து திரும்பவில்லை.

மாஷ் சிரித்தார். "சேச்சி, தெர்மோகோலுக்குக் காது கேக்குமா?"

"காது வச்சது நீங்கதானே மாஷே? கேக்காதுன்னா எதுக்கு வச்சீங்க?"

மாஷ் கையிலிருந்த சுத்தியலைத் தாழ்த்தினார்.

"எம் புள்ள வர்ற வரைக்கும் அவ மேல கை வைக்காதீங்க" என்றார் சேச்சி.

சுத்தியலை என் வண்டியில் போட்டுவிட்டு மாஷ் நடந்தார். படம் நின்றது. மழைக்காலம் வந்தது, போனது. கரிங்காவிலம்மாவின் முகம் மட்டும் வெளுக்கவே இல்லை! எங்களுக்கே பயமாக இருந்தது. டீச்சர் சொல்லித்தான் இப்போது தெரிகிறது: தெய்வம் இல்லை என்று மேடைதோறும் முழங்கிய மனிதர், யாருக்கும் தெரியாமல் போய் அவளுக்குச் சாயம் பூசியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர்தான் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "உடைச்சு முடிச்சிடுடா. பாதிப் படத்தோட என்னை அனுப்பாத" என்றார்.

நேற்று மரத்தடிக்குப் போனேன். இரண்டு விளக்கு எரிந்தது. "ஒண்ணு உங்க மாஷுக்கு" என்றார் சேச்சி. அம்மாவின் முகத்தில் சாயம் உதிரத் தொடங்கியிருந்தது.

மாஷே! படத்தை முடிப்போம், இந்தச் சபை சாட்சி. ஆனால் சுத்தியல் வண்டியிலேயே கிடக்கட்டும். சேச்சி விளக்கேற்றுவதுதான் கடைசிக் காட்சி. இனி சாயம் நான் பூசுகிறேன். உங்களுக்குப் பொறுக்காது, தெரியும். வந்து திட்டுங்கள். சுஜேஷுக்காகச் சேச்சி காத்திருக்கும் அதே மரத்தடியில் நானும் காத்திருப்பேன்.