முதல் காசு போட்டவர்

ஆயர் ஈத்தாமிலிருந்து கொம்தார் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் பாலர் பள்ளி ஆசிரியை என்பது பேச்சில் தெரிந்தது.

“ஏழைங்களுக்கு உதவுற அந்த அறவாரியத்துக்கு மொத காசு போட்டது எங்கம்மாதான், அக்கா,” என்றார் அவர்.

“அது பெரிய முதலாளி குடும்பம் நடத்துறது லா.”

“அவங்க ரப்பர் தோட்டத்துலதான் அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டுனாங்க. அந்தத் தோட்டத்த வித்துத்தான் அறவாரியம் ஆரம்பிச்சாங்க. எங்கள வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

“ஸ்கூலுக்கு உதவி கேட்டப்ப இத விண்ணப்பப் பாரத்துல எழுதுனியா?”

“எழுதுனேன். அப்புறம் அழிச்சிட்டேன். ஸ்கூல் கூரை ஒழுகுது, பிள்ளைங்க நனையுதுங்க. ‘தங்கள் பெருந்தன்மையை நாடி’ன்னு எழுதி அனுப்பிட்டேன்.”

“குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. புதுக் கூரை போட்டாச்சு. நாளைக்குத் திறப்பு விழா, முதலாளி மகன் வர்றாரு. மாலைய நீங்க போடுங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க.”

“கோவமா?”

ஆசிரியை கண்ணை மூடி, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“இல்லக்கா. ‘முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடு. நான் உக்காந்திருக்கேன், அவரு வந்து வணக்கம் சொல்லட்டும்’னாங்க.”