மேசையைச் சுற்றி நாலு பேர்

— அதனாலதான் சொல்றேன், பெட்டிய நிமித்தி வச்சிடலாம்கா. மத்தவங்க வீடியோ கேம் பெட்டியெல்லாம் டிவில மாட்டுற மாதிரி இருக்கு. நம்மது மட்டும் தன் திரையோட மேசைல மல்லாந்து படுத்துக் கெடக்கு.

— அது படுத்திருக்கறதாலதான்டா நாலு பேர் நாலு பக்கமும் உக்காந்து ஆடறாங்க. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துச் சிரிக்கறாங்க. வேற எந்தப் பெட்டில இது நடக்குது, சொல்லு பாப்போம்.

— நடக்கல, ஒத்துக்கறேன். ஆனா ஆடறதுக்கு என்ன இருக்கு? நம்ம ஆளுங்க செஞ்ச ஆறே ஆறு கேம். அத முடிச்சவன் பெட்டியத் தூக்கி அலமாரி மேல போட்டுடறான். வெளிக் கம்பெனிக்காரங்க கேம் குடுத்தாதான்கா நாம பொழைக்க முடியும்.

— குடுக்கச் சொல்லேன்.

— யார் குடுப்பா? ஆரம்பத்துல தேடி வந்த ஒண்ணு ரெண்டு பேரையும் நாமதான் திருப்பி அனுப்பினோம். இப்ப நான் படியேறிக் கேட்டா, "உங்க பெட்டிக்காக முதல்லேர்ந்து மாத்திச் செய்ய எங்களுக்குக் கட்டுப்படியாகாது சார்"னு டீய குடுத்து அனுப்பிடறாங்க.

— எல்லார் பெட்டி மாதிரியே நம்மதும் இருந்தா, நம்மள எதுக்குடா வாங்கணும்?

— நம்ம கம்பெனி இருந்தாதானே யாராவது வாங்க முடியும்? சாயங்காலத்துக்குள்ள ஃபேக்டரிக்குப் பதில் சொல்லியாகணும். பெட்டிய வார்க்கறதுக்குப் பழைய அச்சா, நிமித்தி வைக்கற மாதிரி புது அச்சான்னு கேட்டு உயிர எடுக்கறாங்க. கடைய இழுத்து மூடிட்டா, நம்மள நம்பி வேலை பாக்கறவங்க எங்கக்கா போவாங்க?

— அது தெரியாமலா இருக்கேன். இந்தா, கதவத் தட்டறாங்க பாரு.

— ஒரு கேம் கம்பெனி அம்மா பாக்கணும்னு நேரம் கேட்டிருந்தாங்க, அவங்களாதான் இருக்கும். கட்டுப்படியாகாதுங்கறத அவங்க வாயாலயே கேட்டுக்கோ. வாங்கம்மா, உள்ள வாங்க. இவங்க எங்க அக்கா. பெட்டிய வடிவமைச்சது இவங்கதான்.

— வணக்கம் மேடம். ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு. நேர்லயே சொல்லிடலாம்னு வந்தேங்க.

— நன்றியா? எங்களுக்கா?

— ஆமாங்க. நீங்க பெட்டி போட்ட புதுசுல ஒரு கார் ரேஸ் கேம் அனுப்பினோம். எல்லாப் பெட்டிக்கும் குடுத்த அதே கேம். உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் போன்ல வேண்டாம்னுட்டார். "இத ஒருத்தர் ஆடுவார், மத்த மூணு பேர் கொட்டாவி விடுவாங்க. அந்த மூணு பேருக்கும் ஒரு வேலை குடுத்துட்டு வாங்க"ன்னார்.

— மூஞ்சில அடிச்ச மாதிரியா சொன்னாங்க? மன்னிச்சுக்கோங்கம்மா.

— ஐயோ, அதெல்லாம் வேண்டாம் மேடம். அன்னிக்கு எனக்குக் கோவம்தான். ஆனா அந்தப் பேச்சு மண்டைல குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதுலேர்ந்து ஒரு படகு கேம் செஞ்சோம். நாலு பேர், ஒரே படகு, ஆளுக்கு ஒரு துடுப்பு. வாய் விட்டுப் பேசிக்கலேன்னா படகு நின்ன எடத்துலயே சுத்தும்.

— அட.

— மொதல்ல எங்க வீட்லதாங்க ஆடிப் பாத்தோம். எங்க வீட்டுக்காரரும் அவங்க அண்ணனும் சொத்தப் பாகம் பிரிச்சதுலேர்ந்து பேச்சுவார்த்தையே கெடையாது. மாமனார் வற்புறுத்தலுக்காக எதிரெதிரா உக்காந்தாங்க. பாறைல இடிக்கப் போகும்போது இவர் தன்ன மறந்து, "உன் பக்கம் தள்ளுண்ணே, தள்ளு"ன்னார். அவரும் தள்ளினார். எங்க ஓரகத்தி முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டு அழுதுட்டா. இப்பல்லாம் ஞாயித்துக்கெழமைன்னா எங்க வீட்லதான் இருக்காங்க.

— அந்தக் கேம் நிமிந்த பெட்டில ஓடுமாங்க?

— ஓடாது சார். எதிர்ல ஆள் இல்லாம என்ன படகு? உங்க பெட்டிக்கு மட்டும்தான் குடுக்கப் போறோம். இத ஆடிப் பாத்துட்டு இன்னும் ரெண்டு கம்பெனிக்காரங்க உங்களுக்குன்னே செய்யணும்னு கூட வந்திருக்காங்க. கீழ நிக்கறாங்க.

— நிக்க வச்சிட்டா வந்தீங்க? டேய், போய்க் கூட்டிட்டு வாடா.

— இதோ போறேன்கா. பழைய அச்சே இருக்கட்டும்னு ஃபேக்டரிக்கு ஒரு போன் போட்டுட்டு, அப்படியே அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்.

— போயிட்டான். ஏம்மா, போன்ல அப்படிப் பேசினது யாரும்மா? இந்த ஆபீஸ்ல என் கட்சில நான் ஒருத்திதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவங்களத் தேடிப் பிடிச்சு நானும் நன்றி சொல்லணும்.

— தேட வேண்டாம் மேடம். அன்னிக்குப் பேர் கேட்டுக்கல, ஆனா குரல மறக்கல. இப்ப படியெறங்கிப் போறாரே, அவர்தான்.