ஒரே மாதிரி இரண்டு அறைகள்

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதுதான் எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும். எங்கள் அரசுப் பள்ளியில் அதற்கு வழியில்லை. ஒரு பக்கம் லாரிகள் போகும் சாலை, மறுபக்கம் கல் உடைக்கும் ஆலை. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம்.

வகுப்பறைகளுக்குக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி கேட்டு ஆறு வருடம் மனு எழுதினேன். நான் அறிவியல் ஆசிரியர். எழுத வேண்டியது என் வேலை. "சார், உங்க மனுவ எல்லாம் அடுக்கினா ஜன்னலுக்கே குறுக்கே சுவர் வெச்சுடலாம். தூசி உள்ள வராது" என்று தலைமையாசிரியை கிண்டல் செய்வார். ஏழாவது மனுவுக்கு ஒரு அறக்கட்டளையிலிருந்து ஆள் வந்தார்.

"இருமல் எல்லாருக்கும்தான் வருது சார். கருவி வெச்சா குறையும்னு காட்டுங்க. நாப்பது ரூமுக்கும் தர்றோம்" என்றார்.

அவர்கள் வகுத்த முறை நியாயமானது. ஐந்தாம் வகுப்பின் இரண்டு அறைகளிலும் ஒரே மாதிரிக் கருவி ஓடும், ஒரே மாதிரி உறுமும். முதல் அறையின் கருவிக்குள் வடிகட்டி இருக்கும். இரண்டாம் அறையில் வெறும் விசிறிதான். இது ஒருவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். அந்த ஒருவர் நான். இரண்டு அறைகளிலும் ஜன்னல் இடுக்குகளை நாடா ஒட்டி அடைக்க வேண்டும். பாடம் நடக்கும்போது கதவைத் திறக்கக்கூடாது. பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பருவம் முழுக்க, நோயால் யார் எத்தனை நாள் வரவில்லை என்று குறிக்க வேண்டும்.

குலுக்கினேன். மூச்சிரைப்பு உள்ளவர்கள் பன்னிரண்டு பேர். அறைக்கு ஆறாக விழுந்தார்கள். இப்படிச் சமமாகப் பிரிந்தால் வித்தியாசம் நூலிழை அளவுதான் தெரியும். ஒரு காய்ச்சல் பரவினால் அதுவும் காணாமல் போகும். பள்ளியில் ஆயிரத்து முந்நூறு பிள்ளைகள். ஆறு சீட்டுகளை மாற்றினேன். பன்னிரண்டு பேரும் இரண்டாம் அறைக்கு வந்தார்கள். குலுக்கலின் அசல் பட்டியலை நான் கிழிக்கவில்லை. ஆவணம் ஆவணம்தான்.

மாற்றிய ஆறில் ஒன்று என் தங்கை மகளுடையது. அவளைக் கொசு என்று கூப்பிடுவோம். உடம்பு அவ்வளவுதான், ஆனால் காதருகே வந்து ஓயாமல் பேசுவாள். அவளையாவது விட்டுவைத்திருக்கலாமே என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை காட்டி எனக்குப் பழக்கமில்லை. தவிர, பன்னிரண்டு பேரில் அதிகம் விடுப்பு எடுப்பவள் அவள்தான்.

ஐந்தாவது வாரம் தங்கை ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, உண்மையச் சொல்லு. ரெண்டுல எது நல்ல மெஷின்?"

"ரெண்டும் ஒரே கம்பெனிதான்."

"அப்புறம் ஏன் இவளுக்கு முன்னவிட ஜாஸ்தியா இழுக்குது?"

"பழகணும். கொஞ்ச நாள் ஆகும்."

"உன்கிட்ட நேரா ஒரு பதில் வாங்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும். சரி, தாய்மாமன் நீ கூட இருக்கே. அந்தத் தைரியத்துலதான் அனுப்பறேன்."

அவள் போனபின் யோசிக்காமல் இல்லை. கொசுவை நடுவில் மாற்றினால் ஏனென்று கேட்பார்கள், சீட்டு விவகாரம் வெளியே வரும், அறக்கட்டளை வேறு பள்ளிக்குப் போய்விடும். மாற்றவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. நாடா ஒட்டிய அந்த அறைக்குள் நானும்தான் அடைபட்டிருந்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

பருவம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று ஆலையில் இரண்டு இயந்திரங்களும் ஓடின. மூன்றாம் பாடவேளையில் கொசு எழுந்து என் மேசைக்கு வந்தாள். பள்ளியில் சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, வெளிய போகட்டுமா?"

"மருந்து அடிச்சுக்கிட்டியா?"

"ரெண்டு தடவ."

"மணி அடிக்கட்டும். உக்காரு."

மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. கதவைப் பற்றிய நிபந்தனையைத்தான் முன்பே சொன்னேனே. அவள் பக்கத்து இருக்கைக்காரி இரண்டு முறை என்னைப் பார்த்தாள். நான் கரும்பலகையில் படத்தை முடித்தேன். மணி அடித்ததும் கதவைத் திறந்தது நான். தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். மருத்துவமனை வாசலிலேயே நாடி பார்த்துவிட்டு, இறந்துவிட்டாள் என்றார்கள்.

மிச்சமிருந்த எட்டு நாளும் கொசு வரவில்லை. எட்டுக் கட்டங்களிலும் 'நோயால் வரவில்லை' என்று குறித்தேன்.

நிதி வந்தது. நாற்பது அறைகளிலும் இப்போது வடிகட்டி ஓடுகிறது. நீங்களே போய்ப் பார்க்கலாம். அறிக்கையை அனுப்புவதற்கு முன், கொசுவின் நாட்களை மொத்தமாக எடுத்துவிட்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். அப்போதும் வித்தியாசம் போதுமானதாகத்தான் இருந்தது. இருந்தாலும் சேர்த்தே அனுப்பினேன். இவ்வளவு பெரிய காரியத்தில் குழந்தையின் பங்கு இல்லாமல் போய்விடக்கூடாது என்றுதான்.