ஆற்றுவாய் வெட்டும் நாளும் டெனீஸின் கையொப்பமும்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் கந்தோரின் மேலதிகாரிகளே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தோணியைக் கரையேற்றிவிட்டு வந்திருக்கும் மீனவச் சகோதரர்களே, முன்வரிசையில் யாருடைய முகத்தையும் பார்க்காமல் இருக்கும் நெவில் அண்ணன் அவர்களே! துக்கத்தோடு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் அஜந்தா. மறைந்த திருமதி டெனீஸ் அவர்கள் எங்கள் கந்தோரில் வாவியின் நீர்மட்டத்துக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் அவருக்கு அடுத்த மேசை. கந்தோருக்கு வெளியே நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு மாணவிகள். காலநிலை மாற்ற இசைவாக்கம் என்ற முதுமாணிப் படிப்பைத் தொலைக்கல்வியில் ஒன்றாகத் தொடங்கினோம்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். பொறுமையா? டெனீசுக்கா? அந்த மனிசியின் வாயை அறிந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேராவது இருப்பீர்கள். பிழையான கடிதம் ஒன்று மேசைக்கு வந்தால், எழுதியவரின் படிப்பைப் பற்றியும் பரம்பரையைப் பற்றியும் ஒரு விரிவுரை நடத்திவிட்டுத்தான் திருத்துவார். இல்லை, சபையோரே! அவர் பொறுமையாக இருக்கவில்லை. மாட்டிக்கொண்டு இருந்தார். எதில் மாட்டினார் என்று சொல்லத்தான் நான் எழுந்தேன்.

வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம் என்பது அந்தப் படிப்பின் விளம்பரம். உண்மைதான். வேலை விடவில்லை, படிப்பும் விடவில்லை. கந்தோர் முடிந்து வந்து, உலை வைத்துவிட்டு, கணினியைத் திறப்பார். அங்கே பேராசிரியர் கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் அவர் கணவர் நெவில் அண்ணன் தன் பட்டறையில் இரும்பு அடிப்பார். அது என்ன சத்தம் என்று பேராசிரியர் ஒருநாள் கேட்டார். கடலை மறிக்க என் வீட்டுக்காரர் சுவர் செய்கிறார் என்று டெனீஸ் பதில் சொன்னார். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. நெவில் அண்ணன், உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்திருக்காது. வகுப்பு நடக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள் என்று அவர் உங்களிடம் ஒரு நாளும் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும்.

அவர் ஆய்வுக்கு எடுத்தது நம்முடைய ஆற்றுவாயை. தூரத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மாரியில் வாவி நிரம்பும்போது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவோம். அதைத்தான் ஆற்றுவாய் வெட்டுதல் என்கிறோம். முந்தி வெட்டச் சொல்லி வயல்காரர் கேட்பார்கள். இறால் கடலோடு போய்விடும், பிந்தி வெட்டுங்கள் என்று மீனவர் கேட்பார்கள். கந்தோருக்கு இருப்பது ஒரே விதி. அளவுக் கம்பத்தில் தண்ணீர் குறித்த மட்டத்தைத் தொட்டால் வெட்டு. தொடாவிட்டால் வெட்டாதே.

முன்பெல்லாம் ஒரு மாதம் நின்று பெய்த மழை இப்போது இரண்டு நாளில் கொட்டுகிறது. தண்ணீர் அந்த மட்டத்தைத் தொடும்போது வயல் ஏற்கெனவே தண்ணீருக்குள் தாழ்ந்துவிடுகிறது. டெனீஸ் கண்டது இதைத்தான். காலையில் கம்பத்தைப் பார்த்து எழுதுவது அவர். விதிப்படி வெட்டும் உத்தரவில் ஒப்பமிடுவதும் அவர். மாலையில் அந்த விதி பிழை என்று ஆய்வேட்டில் எழுதுவதும் அவர்தான். ஒருவர் எத்தனை நாளைக்கு இப்படித் தனக்கு எதிராகத் தானே எழுதலாம்?

ஆய்வுக்கு நீர்மட்டக் கணக்கைப் பயன்படுத்த அவர் முறைப்படி அனுமதி கேட்டார். தன் கண்ணால் பார்த்து, தன் கையால் எழுதிய கணக்கு! விண்ணப்பம் மேலே போனது. மேலிருந்து, பொறுப்பான உத்தியோகத்தரின் கருத்தைப் பெறுக என்ற குறிப்போடு கீழே வந்தது. யார் அந்தப் பொறுப்பான உத்தியோகத்தர்? டெனீஸ்தான்! தன் விண்ணப்பத்தைத் தானே சிபாரிசு செய்வது முறையல்ல. ஆகவே, விண்ணப்பதாரரை எனக்கு நெருக்கமாகத் தெரியும், கருத்துக் கூற முடியாது என்று எழுதி மேலே அனுப்பினார். அதே குறிப்போடு அது திரும்பவும் வந்தது. நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அந்த அனுமதி கடைசிவரை வரவேயில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கவே, அனுமதி இல்லாமலே எழுதி முடித்தார்.

போன மாரிக்கு முன் ஆற்றுவாய்க் கூட்டம் நடந்தது. மழைக்கு முன்னரே ஒடுக்கமாக ஒரு வாய் வெட்டி வைப்போம், வெள்ளம் ஏறும்போது அகலமாக்குவோம் என்று டெனீஸ் எழுந்து சொன்னார். இதை உத்தியோகத்தராகச் சொல்கிறீர்களா, மாணவியாகச் சொல்கிறீர்களா என்று மேசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“உத்தியோகத்தராச் சொன்னா விதிய மீறுறன் எண்டுவீங்க. மாணவியாச் சொன்னா கேக்க மாட்டீங்க. நான் எப்பிடித்தான் சொல்ற?”

இவ்வளவுதான் அவர் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அடுத்த விடயத்துக்குப் போனார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

மழை வந்தது. விதிப்படி காத்திருந்தோம். விதிப்படி வெட்டினோம். படுவான்கரை வயல் வட்டைகள் தண்ணீருக்குள் கிடந்தன. பிறகு அகல வெட்டிய வாயால் வாவியே வெளிக்கிட்டுப் போனது, இறாலும் அதோடு போனது. இதோ இருக்கிறார் வயல்காரர் தலைவர் நல்லரத்தினம் ஐயா. அந்தப் பக்கம் மீனவர் சங்கத்து சாலிஹ் நானா. நீங்கள் இருவரும் எங்கள் கந்தோருக்கு வந்து ஏசியது நியாயம். ஆனால் யாரை ஏசினீர்கள்? உத்தரவில் யாருடைய ஒப்பம் இருந்ததோ அவரைத்தான். ஐயா அவரை மீன்காரர் பக்கம் என்றார். நானா அவரை வயல்காரர் பக்கம் என்றார்.

விசாரணை வந்தது. ஏன் பிந்தி வெட்டினீர்கள், விதி போதாது என்றால் ஏன் எழுத்தில் எச்சரிக்கவில்லை, விளக்கம் தருக என்றார்கள். அந்த ஆய்வேட்டைக் காட்டினால் போதும், அவர் எச்சரித்தது தெரிந்துவிடும். ஆனால் அதில் இருப்பது அனுமதி இல்லாமல் எடுத்த கணக்கு. காட்டினால் அது வேறொரு குற்றம். நான் காட்டச் சொல்லி வற்புறுத்தினேன்.

“காட்டினா களவு, காட்டாட்டி கவனக்குறைவு. எதால வெளிய போற, அஜந்தா? வழி இருந்தாச் சொல்லு, நான் போறன்.”

விளக்கத்துக்குக் கொடுத்த தவணை முடியுமுன்னரே, காலையில் நீர்மட்டம் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே அமர்ந்தார். பிறகு எழும்பவில்லை. இறந்தவரிடம் விளக்கம் கேட்க முடியாது என்று விசாரணைக் கோவையை மூடிவிட்டார்கள். அதில் கடைசியாக இருப்பது, உத்தியோகத்தரின் கவனக்குறைவு என்ற வரி. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் அந்தக் கம்பத்தடியில் நின்ற ஒருத்திக்கு நாங்கள் எழுதிய இரங்கல் அதுதான்!

இப்போது டெனீஸின் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். வரும் மாரிக்கான உத்தரவு என் ஒப்பத்துக்கு வரும். அவர் பணியைத் தொடர்வோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எந்தப் பணியை? பழைய உத்தரவில் ஒப்பமிடும் பணியையா? அதை நான் தொடரப் போவதில்லை.

மழைக்கு முன் ஒடுக்கமாக வெட்டி, வெள்ளத்தில் அகலமாக்க வேண்டும். அப்படிச் செய்தால் வயலும் தாழாது, இறாலும் ஒரேயடியாகப் போகாது. இது டெனீஸின் ஆய்வு முடிவு. இதைச் சபையில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மேலதிகாரிகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நல்லரத்தினம் ஐயா, சாலிஹ் நானா, அடுத்த மாத ஆற்றுவாய்க் கூட்டத்துக்கு நீங்கள் இருவரும் வாருங்கள். இம்முறை ஒரே வாங்கில் அருகருகே அமருங்கள். இந்த முடிவுக்குக் கீழே என் ஒப்பம் இருக்கும். பழைய உத்தரவில் இராது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. கந்தோரில் தனியாகச் சொல்லியிருந்தால், நாளைக்கு யாராவது கூப்பிட்டுக் கதைத்ததும் மனம் மாறியிருப்பேன். இவ்வளவு பேர் கேட்டபிறகு நான் எங்கே மாறுவது? அதற்காகத்தான் இங்கே சொன்னேன்.